சாய்ந்த விளக்கும் சாயாத எண்ணும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் வளைகுடாவின் தண்ணீருக்கு நடுவே ஷார்ப்ஸ் ஐலண்ட் லைட் என்றொரு விளக்குக் கோபுரம் நிற்கிறது. நிற்கிறது என்பது பாதி உண்மைதான். 1976–77 குளிர்காலத்தில் வளைகுடா உறைந்து, பனிப்பாளங்கள் வந்து முட்டியதில் சுமார் 15 டிகிரி சாய்ந்துபோனது. பிறகு யாரும் நிமிர்த்தவில்லை. பெயரிலுள்ள தீவையும் இன்று தேடிப் பயனில்லை. ஒரு காலத்தில் பல நூறு ஏக்கர் இருந்த அந்த நிலம் அலையில் கரைந்து கரைந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தண்ணீருக்கடியில் போய்விட்டது. விளக்கும் முதல் விளக்கு அல்ல, மூன்றாவது. 1838இல் வைத்த முதல் விளக்கைத் தீவின் அரிப்பு கைவிட வைத்தது. 1866இல் இரும்புத் தூண்களின் மேல் கட்டிய இரண்டாவது விளக்கு வீட்டை 1881 பிப்ரவரியில் பனி பெயர்த்து இழுத்துச் சென்றது. உள்ளே இருந்த காவலர்கள் வீட்டோடு மிதந்துபோய்ப் பிழைத்தார்கள். 1882இல் இரும்புக் கூண்டை அடியில் இறக்கிக் கான்கிரீட் நிரப்பிக் கட்டியதுதான் இப்போது சாய்ந்திருப்பது.

மாலுமிக்கு இது ஒன்றும் பெரிய சங்கடமில்லை. சாய்ந்த விளக்கும் விளக்குதான். ஆனால் நில அளவைக்காரர் கணக்கு வேறு. பத்து மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரம் 15 டிகிரி சாய்ந்தால் அதன் உச்சி இரண்டரை மீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். 1976க்கு முன் அந்த உச்சியைக் குறிவைத்து ஒருவர் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதி வைத்திருந்தால், இன்று அந்த எண்ணுக்கு நேரே இருப்பது வெறும் காற்று. கப்பலுக்கு வழிகாட்ட வைத்த விளக்கை, நிலத்தையும் கடலையும் அளப்பதற்கான நிலைக்குறியாக ஏறத்தாழ 150 ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். அது எப்படி முடிந்தது, எவ்வளவு தூரம் நம்பலாம், இன்றைக்கு அந்த எண்களுக்கு மதிப்பு உண்டா என்பதுதான் இங்கே பேச வந்தது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கடல் விளக்குகளையும் சேர்த்துப் பொதுவாக எல்லா நிலைக்குறிகளையும் ‘பெஞ்ச் மார்க்’ என்று சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் பரவிக் கிடக்கிறது. தொழில் மொழியில் அது தவறு. பெஞ்ச் மார்க் என்பது உயரத்துக்கான குறி. பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ பாறையிலோ உளியால் ஒரு கோடு வெட்டி, அல்லது ஒரு உலோக வில்லையைப் பதித்து, கடல் மட்டத்திலிருந்து இது இவ்வளவு உயரம் என்று சொல்வது. நம்மூர் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் கீழே பொடி எழுத்தில் ஒரு உயரம் போட்டிருக்குமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடல் விளக்கு தருவது உயரத்தை அல்ல, இடத்தை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அமெரிக்க நேஷனல் ஜியோடெடிக் சர்வேயின் தரவுத் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேடிக்கையாகத் தெரியும். உண்மையான பெஞ்ச் மார்க் ஒன்றின் தாளில் உயரம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்துத் தோராயமாக எழுதியிருப்பார்கள். ஆறு விநாடி, அதாவது ஏறக்குறைய 180 மீட்டர், முன்பின் இருக்கலாம் என்று தாளே ஒத்துக்கொள்ளும். விளக்கின் தாளில் இது தலைகீழ். அட்சரேகை விநாடியின் ஐந்தாம் தசமம் வரை போயிருக்கும். உயரம் இருக்காது, இருந்தாலும் உத்தேசம். ஐந்தாம் தசமம் என்றால் தரையில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு! அலையடிக்கும் கோபுரத்தின் உச்சிக்கு அப்படியொரு துல்லியம் இருக்கவே முடியாது. கணக்குப் போட்டபோது வந்த இலக்கங்களை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இலக்கம் நீளமாக இருப்பதால் அளவு சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

இந்த விளக்குகளை அளந்த முறை எளிது. கரையில் இடம் தெரிந்த இரண்டு நிலையங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் நிலையத்தில் கோணம் அளக்கும் தியோடலைட்டை நிறுத்தி, இரண்டாவதைப் பார்த்துவிட்டு, விளக்கைப் பார்த்து, இடையிலுள்ள கோணத்தை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டாவது நிலையத்துக்குப் போய் அதையே செய்ய வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் விளக்கு. விளக்கின் மேல் யாரும் ஏறவே வேண்டாம். தேவாலயக் கூம்பு, தண்ணீர்த் தொட்டி, ஆலைப் புகைபோக்கி என்று தொலைவில் தெரியும் எதையும் இப்படி வெட்டுக்கோட்டில் பிடித்துவிடலாம்.

வசதி இதுதான், வம்பும் இதுதான். முக்கோண அளவையில் மூன்று மூலைகளிலும் கருவியை வைத்து அளந்தால், மூன்று கோணங்களையும் கூட்டிப் பார்த்து 180 டிகிரி வருகிறதா என்று சோதிக்கலாம். பூமி உருண்டை என்பதால் வரும் சிறு உபரியைக் கழித்துவிட்டு, மிச்சம் வரும் பிழை எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். விளக்கின் மூலையில் கருவியை வைக்காததால் அந்தச் சோதனை கிடையாது. எதிர்க்கரையில் தப்பான விளக்கைப் பார்த்துக் கோணம் எடுத்திருந்தாலும் கோடுகள் எங்கோ ஓர் இடத்தில் வெட்டத்தான் செய்யும். அதனால்தான் மூன்றாவது நிலையத்திலிருந்தும் ஒரு கோடு வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். மூன்றும் ஒரே புள்ளியில் கூடினால் நம்பலாம்.

கருவிக்குப் பின்னால் நிற்பவரின் பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் காற்று நெளியும். தொலைநோக்கிக்குள் விளக்குக் கோபுரம் கொதிக்கிற பாத்திரத்துக்குள் கிடக்கிற மாதிரி ஆடும். விடியலிலோ அந்தியிலோ காற்று அடங்கும் நேரம் பார்க்க வேண்டும். கோபுரம் தடித்ததாக இருந்தால் நடுவைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. இடது விளிம்பில் ஒரு முறை, வலது விளிம்பில் ஒரு முறை தொட்டுப் படித்து, இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும். உச்சியில் ஒரு குமிழோ இடிதாங்கிக் கம்பியோ இருந்தால் பாக்கியம். எதைப் பார்த்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அதை எழுதாமல் விட்ட பழைய பதிவுகள் பின்னால் வந்தவர்களுக்கு எவ்வளவு தலைவலி கொடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இருபது கிலோமீட்டர் தொலைவில் கோணத்தில் ஒரு விநாடி தவறினால் பத்து சென்டிமீட்டர் விலகும். நடைமுறையில் இத்தகைய வெட்டுப் புள்ளிகளை மூன்றாம் தரம் என்றே வகைப்படுத்தினார்கள். 1984இன் அமெரிக்க அளவைத் தரவிதிகளின்படி மூன்றாம் தரத்தின் மேல் வகுப்புக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்ற பிழை ஏற்கத்தக்கது. இருபது கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர். ஷார்ப்ஸ் ஐலண்ட் சாய்ந்தது அந்த வரம்பையும் தாண்டித்தான்.

அமெரிக்கக் கடற்கரைக்கு இந்த வித்தை ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? 1807இல் ஜெஃபர்சன் காலத்தில் சட்டம் போட்டுத் தொடங்கிய கோஸ்ட் சர்வே, ஃபெர்டினாண்ட் ஹாஸ்லர் என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் பொறுப்பில் வளர்ந்தது. நியூயார்க்குக்குத் தெற்கே கரை பெரும்பாலும் தட்டை. சதுப்பு, மணல்மேடு, பைன் காடு. குன்று அரிது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் உயரமாக, தனியாக, அடையாளம் தெரிகிற மாதிரி எழுந்து நிற்பவை கடல் விளக்குகள்தான். நான்கு மீட்டர் உயரத்தில் நிற்பவர் கண்ணுக்கு, பதினைந்து மீட்டர் உயர விளக்கு இருபது கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். வளைகுடாவின் நடுவில் நிற்பது இரண்டு கரைக்கும் தெரியும். அதனால் இரு கரை அளவுகளையும் அது முடிச்சுப் போடும்.

ஹாஸ்லருக்குப் பின் 1843இல் பொறுப்பேற்ற அலெக்ஸாண்டர் டல்லஸ் பாச், பிற்பாடு கலங்கரை விளக்கங்களை நிர்வகித்த லைட்ஹவுஸ் போர்டிலும் உறுப்பினராக இருந்தார். அளப்பவரும் விளக்கு வைப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த காலம் அது. அதே காலத்தில்தான் அயர்லாந்தின் அலெக்ஸாண்டர் மிட்செல் கண்டுபிடித்த திருகுத் தூண் அமெரிக்காவுக்கு வந்தது. சேற்றுக்குள் திருகாணி மாதிரி முறுக்கி இறக்கும் இரும்புத் தூண். டெலவேர் விரிகுடாவில் பிராண்டிவைன் ஷோல் விளக்கு 1850இல் இப்படி எழுந்தது. ஃப்ளோரிடாவின் பவளத் திட்டுகளில் கேரிஸ்ஃபோர்ட் ரீஃப் விளக்கு 1852இல் எரிந்தது. அதை முடித்துக் கொடுத்த பொறியாளர் ஜார்ஜ் மீட்தான் பின்னாளில் கெட்டிஸ்பர்க் போரில் வடக்குப் படையை நடத்தியவர்.

தனக்காகக் கட்டாத உயரத்தை அளவுக்காரர் கடன் வாங்குவது நமக்கும் புதிதல்ல. 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தென்னிந்திய நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், காவிரிப் படுகைக்கு வந்தபோது குன்றில்லாமல் தென்னந்தோப்புகளுக்குள் மாட்டிக்கொண்டு, கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808இல் தஞ்சையில் அவருடைய பெரிய தியோடலைட்டை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைத் தட்டிச் சரிசெய்தார். ஒரு வேறுபாடு உண்டு. தஞ்சைக் கோபுரம் இருந்த இடத்தில் இருக்கிறது. கடல் விளக்குக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

இந்த விளக்குகளின் உண்மையான அருமை கரையில் இருந்தவர்களுக்கு அல்ல, ஆழம் பார்க்கப் படகில் போனவர்களுக்கே தெரியும். ஜி.பி.எஸ். இல்லாத காலத்தில், ஈயக் குண்டைக் கயிற்றில் இறக்கி இத்தனை அடி ஆழம் என்று எழுதினால் போதாது, எந்த இடத்தில் இறக்கினோம் என்பதும் வேண்டும். இரண்டு பேர் செக்ஸ்டன்ட் கருவியோடு நிற்பார்கள். இடம் தெரிந்த மூன்று பொருட்களைத் தேர்ந்து, இடதுக்கும் நடுவுக்கும் உள்ள கோணத்தை ஒருவரும், நடுவுக்கும் வலதுக்கும் உள்ள கோணத்தை மற்றவரும் ஒரே நொடியில் எடுப்பார்கள். மூன்று கைகள் கொண்ட ஒரு கோணமானியில் அந்தக் கோணங்களை வைத்து, வரைபடத்தின் மேல் நகர்த்தி நகர்த்தி, மூன்று கைகளும் மூன்று பொருட்களைத் தொடுகிற இடத்தில் ஊசியால் குத்துவார்கள். அதுதான் படகு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று பொருட்களும் படகும் ஒரே வட்டத்தின் மேல் அமைந்துவிட்டால், அந்த வட்டத்தில் படகு எங்கே இருந்தாலும் கோணங்கள் மாறா. கைகள் எல்லா இடத்திலும் தொடும், இடம் கிடைக்காது. கரை உள்வளைந்து கிடக்கும் விரிகுடாவில், கரையிலுள்ள மூன்று குறிகளை மட்டும் நம்பினால் இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொள்வது எளிது. நடுப் பொருள் மற்ற இரண்டையும்விடப் படகுக்கு அருகில் இருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். கரையை விட்டு வெளியே நிற்கும் விளக்கு அந்த நடுப் பொருளாக அமைந்துபோகிறது. ஒரு கடல் விளக்கின் இடம் இரண்டு மீட்டர் தப்பாக இருந்தால்கூட, ஆழ அளவைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பென்சில் முனையின் தடிமனுக்குள் அடங்கிவிடும்.

கரையில் சொத்தெல்லை அளந்தவர்களும் வேறு வகையில் பயன் கண்டார்கள். தரையிலுள்ள வில்லையின் மேல் கருவியை வைத்ததும், முதலில் ஒரு திசை வேண்டும். பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள விளக்கின் இடத்தில் ஒரு மீட்டர் பிழை இருந்தாலும் திசையில் வருவது இருபது விநாடிப் பிழைதான். சாதாரணக் கருவிக்கு அதுவே போதும். தரவுத் தாளில் அந்த நிலையத்திலிருந்து எந்தெந்தக் கோபுரம் எந்தத் திசையில் தெரியும் என்று பட்டியலே போட்டிருப்பார்கள். என் கணிப்பில், கடல் விளக்குகள் நிலைக்குறியாக நேர்மையாக உழைத்தது இந்த இரண்டு வேலையில்தான்: படகுக்கு இடம் காட்டியது, கருவிக்குத் திசை காட்டியது. அவற்றிலிருந்து புதிதாக முக்கோணம் கட்டக் கிளம்பியவர்கள்தான் சிக்கலில் மாட்டினார்கள்.

சிக்கலின் வேர் ஒன்றே: விளக்கு நில அளவைக்காரரின் சொத்து அல்ல. அது விளக்குத் துறையின் சொத்து. அவர்களுக்கு வேண்டியது வெளிச்சம். எரிந்தால் மறுபடி கட்டுவார்கள், இடித்தால் தள்ளிக் கட்டுவார்கள், செலவு அதிகமானால் மிதவையைப் போட்டுவிட்டுப் போவார்கள். பெயரை மட்டும் மாற்ற மாட்டார்கள், ஏனென்றால் மாலுமிக்குப் பெயர் பழக்கம்.

வர்ஜீனியாவின் தம்பிள் ஷோல் விளக்கைப் பாருங்கள். 1872இல் திருகுத் தூண்களின் மேல் கட்டினார்கள். 1880இல் எரிந்தது. திரும்பக் கட்டியதைக் கப்பல்கள் இடித்துக்கொண்டே இருந்தன. 1909 டிசம்பரில் இழுவைப் படகின் பின்னால் வந்த ஒரு பாய்க்கப்பல் வீட்டின் மேலேயே ஏறியது. உள்ளே இருந்த அடுப்பு கவிழ்ந்து மொத்தமும் சாம்பல். 1914இல் பக்கத்திலேயே புதிய கோபுரம் வந்தது. பழைய இரும்புத் தூண்களின் மிச்சமும் அருகில் கிடந்தது. பெயர் அதே தம்பிள் ஷோல் லைட். 1900இல் அளந்த எண்ணை எடுத்துக்கொண்டு இன்றைய கோபுரத்தைப் பார்ப்பவர் ஒன்றை நினைத்து இன்னொன்றைப் பார்க்கிறார். இதற்காகத்தான் விவரமறிந்த அளவுக்காரர்கள் பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதினார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த நான்கு இலக்கம்தான் ஐந்தாம் தசமத்தைவிட மதிப்பானது.

நியூயார்க் துறைமுக வாசலில் ஆம்ப்ரோஸ் கதை இன்னும் மோசம். அங்கே முதலில் நங்கூரம் போட்ட விளக்குக் கப்பல் இருந்தது. அது சங்கிலியின் நீளத்துக்கு ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் யாரும் அதை நிலைக்குறியாகக் கருதவில்லை. 1967இல் கப்பலை எடுத்துவிட்டு, எண்ணெய்க் கிணற்று மேடை மாதிரி நான்கு கால் இரும்புக் கோபுரம் நட்டார்கள். அப்போதுதான் அங்கே அளக்கத்தக்க ஒரு புள்ளி பிறந்தது. 1996இல் ஒரு எண்ணெய்க் கப்பல் அதை இடித்தது. 1999இல் வேறோர் இடத்தில் புதுக் கோபுரம் வந்தது. 2001இல் இன்னொரு கப்பல் இடித்தது. 2007இல் மற்றொன்று. 2008இல் மிச்சத்தையும் பிரித்தெடுத்துவிட்டு மிதவைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். நாற்பது ஆண்டு ஆயுள், இரண்டு இடம், ஒரே பெயர்.

மூன்றாவது வகை இன்னும் ஏமாற்றும். செசபீக்கின் ஹூப்பர் ஸ்ட்ரெய்ட் விளக்கு வீட்டை 1966இல் பெயர்த்தெடுத்து, செயின்ட் மைக்கேல்ஸ் ஊரிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். டிரம் பாயின்ட் விளக்கும் 1975இல் அப்படியே இடம் மாறியது. ஹட்டராஸ் முனையின் செங்கல் கோபுரம் கரை மேலிருப்பதுதான் என்றாலும், அலை நெருங்கிவிட்டதால் 1999இல் தண்டவாளத்தின் மேல் ஏற்றி ஏறக்குறைய 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். கட்டடம் முழுசாக இருக்கிறது, ஓடு உடையவில்லை, பெயர்ப்பலகை பளபளக்கிறது. நிலைக்குறி மட்டும் செத்துப்போயிற்று.

இந்தப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் பவர் ஸ்குவாட்ரன்ஸ் என்ற படகுக்காரர் சங்கத்தின் தொண்டர்களும் பங்கெடுத்தார்கள். பொழுதுபோக்காகக் குறிகளைத் தேடித் திரிபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தரவுத் தாள்களின் அடியில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று ஒரு வரி வந்து சேரும். அவர்களின் ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படகில் போகும்போது விளக்கைக் கண்டேன் என்பது, விளக்கு இருக்கிறது என்பதற்குச் சான்று. அளந்தபோது இருந்த அதே கோபுரம் அதே இடத்தில் அசையாமல் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. தரையில் பதித்த வெண்கல வில்லை என்றால் அதன் மேல் முத்திரையும் ஆண்டும் இருக்கும், கையால் தொட்டுப் படிக்கலாம். விளக்கில் அப்படி எதுவும் இல்லை.

1986இல் வட அமெரிக்கா முழுமைக்கும் அடிப்படைக் கணக்கையே மாற்றி லட்சக்கணக்கான நிலையங்களின் எண்களைத் திருத்தினார்கள். பிறகு செயற்கைக்கோள் வந்தது. அதற்குமேல் வெட்டுக்கோடு போட்டு விளக்கைப் பிடிக்க வேண்டிய தேவையே போயிற்று.

அப்படியானால் பழைய எண்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. கோஸ்ட் சர்வே 19ஆம் நூற்றாண்டில் வரைந்த கரையோர வரைபடங்கள்தான் இன்று அமெரிக்காவில் கடலரிப்பை ஆராய்பவர்களுக்கு ஆதி ஆவணம். அந்தக் காகிதத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த, இரண்டிலும் உள்ள பொதுப் புள்ளிகள் வேண்டும். கரை ஓரத்து வில்லைகள் பெரும்பாலும் கரையோடு கடலுக்குள் போய்விட்டன. இடம் மாறாமல் பிழைத்த விளக்குகள்தான் பல இடங்களில் எஞ்சிய ஆணிகள். செசபீக்கில் தாமஸ் பாயின்ட் ஷோல் விளக்கு 1875இல் நட்ட திருகுத் தூண்களின் மேல் அதே இடத்தில் இன்றும் நிற்கிறது. அந்த வகையில் அங்கே சொந்த இடத்தில் மிஞ்சியது அது ஒன்றே. அத்தகைய ஒன்றின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டால், அந்தக் கால அளவுக்காரர் எவ்வளவு தவறினார் என்பதையே அளந்துவிடலாம். அதை வைத்து, கரை உண்மையிலேயே எவ்வளவு பின்வாங்கியது என்று சொல்லலாம்.

இதெல்லாம் அமெரிக்காவின் பாடு என்று விட்டுவிட வேண்டாம். சென்னையின் பழைய கடல் வரைபடம் ஒன்று கையில் கிடைத்து, அதில் மெட்ராஸ் லைட் என்று ஒரு புள்ளியைக் கண்டால், முதலில் வரைபடத்தின் ஆண்டைப் பாருங்கள். 1796 முதல் அந்த விளக்கு புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. 1844 முதல், இன்று உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கும் கல்தூணின் மேல். 1894 முதல் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில். 1977 முதல் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தெற்கே, மெரினாவில்.